வலப்பக்கம் யார்? புரோட்டோகால் அதிகாரியின் வேலை

வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் இரண்டு நாள் பயணமாக டெல்லி வருகிறார் என்றால், அவர் விமானம் ஏறும் முன்பே இங்கே ஒரு தாள்கட்டு தயாராகிவிடும். அரசு வட்டாரத்தில் அதை 'மினிட் டு மினிட்' என்பார்கள். ஒவ்வொரு வரியிலும் நேரம், இடம், நடக்க வேண்டியது, அங்கே இருக்க வேண்டியவர்கள், பொறுப்பு அதிகாரி. '10.00: கார் நிற்கும். 10.01: விருந்தினர் இறங்குவார். 10.03: மரியாதை மேடைக்குச் செல்வார், இன்னார் வழிகாட்டுவார்' என்று போகும். கார் கதவை யார் திறப்பது, மொழிபெயர்ப்பாளர் எத்தனை அடி பின்னால் நிற்பது, மலர்வளையத்தை யார் தூக்கி வருவது, அதன் நாடாவில் நாட்டின் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று யார் பார்ப்பது, எல்லாம் அதில் அடக்கம்.

அந்தத் தாளின் தலையில் பதிப்பு எண்ணும் அச்சிட்ட நேரமும் கட்டாயம் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் எட்டு, பத்து முறை மாறும். ஐந்தாம் பதிப்பு டிரைவர் கையிலும் ஏழாம் பதிப்பு வரவேற்பவர் கையிலும் இருந்தால் கார் ஒரு வாசலில் நிற்கும், வரவேற்பவர்கள் வேறு வாசலில் காத்திருப்பார்கள். இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதிக்குமேல் இந்த வகைதான். மரபு தெரியாமல் நடப்பவை குறைவு. பழைய தாளை நம்பி நடப்பவை அதிகம்.

இந்தத் தாளுக்குப் பொறுப்பானவர் புரோட்டோகால் அதிகாரி. மரபுநெறி, நெறிமுறை என்றெல்லாம் தமிழில் எழுதுகிறோம். வேலையில் இருப்பவர்கள் வாயில் வருவது புரோட்டோகால்தான். டிவியில் சிவப்புக் கம்பளமும் பூங்கொத்தும் பார்ப்பவர்களுக்கு இது அலங்கார வேலையாகத் தோன்றும். மரியாதை சம்பந்தப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் கூட்டம் தொடங்கும் முன்பே பதில் சொல்லி முடித்துவிடுவதுதான் அந்த அதிகாரியின் கடமை. யார் முதலில் நுழைவது என்ற கேள்வி வாசலில் பாக்கியிருந்தால், உள்ளே எல்லையைப் பற்றியும் வணிகத்தைப் பற்றியும் பேச வழியில்லாமல் போகும்.

வரலாற்றில் அப்படிப் போயிருக்கிறது. 1661இல் சுவீடன் நாட்டுத் தூதரை வரவேற்கும் ஊர்வலம் லண்டனில் நடந்தபோது, யாருடைய வண்டி முன்னால் போவது என்று பிரான்ஸ், ஸ்பெயின் தூதர்களின் ஆட்கள் தெருவிலேயே வெட்டிக்கொண்டார்கள். ஆட்கள் செத்தார்கள். போர் மூளும் அளவுக்குப் பிரான்ஸ் மன்னர் மிரட்டி, கடைசியில் ஸ்பெயின் பணிந்து போனது. 1968இல் வியட்நாம் போரை நிறுத்தப் பாரிஸில் கூடியவர்கள், மேசை வட்டமா சதுரமா என்ற தகராறில் வாரக்கணக்கில் சிக்கினார்கள். யார் தனித் தரப்பு, யார் இன்னொருவரின் நிழல் என்பதை மேசையின் வடிவமே சொல்லிவிடும் என்பதுதான் சிக்கல். நடுவில் வட்ட மேசை, இரு பக்கமும் சிறிய நீள்சதுர மேசைகள் என்று 1969 ஜனவரியில் முடிவானது. போர் அதுவரை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

முன்னுரிமைச் சண்டைக்குத் தீர்வு 1815 வியன்னா மாநாட்டில் கிடைத்தது. நாட்டின் பலத்தையோ மன்னரின் பட்டத்தையோ பார்க்காமல், தூதர் பொறுப்பேற்ற தேதியைப் பார்ப்பது என்று முடிவானது. தூதரக உறவுகளுக்கான 1961 வியன்னா உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு இன்றும் அதையே சொல்கிறது: ஒரே வகுப்பைச் சேர்ந்த தூதர்களின் வரிசை, அவர்கள் பொறுப்பேற்ற நாளையும் நேரத்தையும் பொறுத்தது. அதனால்தான் டெல்லியில் பல ஆண்டுகள் தூதர்களின் மூத்தவராக, அதாவது டீனாக, டொமினிக்கன் குடியரசின் தூதர் இருக்க முடிந்தது. அமெரிக்கத் தூதர் அவருக்குப் பின்னால்தான் நின்றார். சிறிய நாட்டுக்குப் பெரிய நாட்டோடு சமமாக நிற்கக் கிடைக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. புரோட்டோகாலைப் பணக்கார நாடுகளின் பகட்டு என்று சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

உள்ளே நுழைவது எப்படி

'புரோட்டோகால் அதிகாரி' என்று தனியாக ஒரு தேர்வு இந்தியாவில் கிடையாது. மேல்மட்டப் பதவிகள் இந்திய வெளியுறவுப் பணியிலிருந்து (ஐஎஃப்எஸ்) நிரப்பப்படுகின்றன. யுபிஎஸ்சி குடிமைப் பணித் தேர்வு, முசூரியில் அடிப்படைப் பயிற்சி, பிறகு டெல்லியில் 2020 முதல் சுஷ்மா சுவராஜ் பெயர் தாங்கும் வெளியுறவுப் பயிற்சி நிறுவனம், கட்டாய வெளிநாட்டு மொழி ஒன்று. தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் 56,100 ரூபாய். நடுமட்டத்தின் பெரும்பகுதி 'பிராஞ்ச் பி' என்று சொல்லப்படும் பணியிலிருந்து வருகிறது. எஸ்எஸ்சி பட்டதாரி நிலைத் தேர்வு எழுதி, வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலராக 44,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்பவர்கள் இவர்கள்.

இந்த இரண்டாவது வழியைத் தமிழ்நாட்டு மாணவர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது எங்கள் கருத்து. ஐஎஃப்எஸ் அதிகாரி புரோட்டோகால் பிரிவில் சில ஆண்டுகள்தான் இருப்பார். பிறகு வேறு தூதரகம், வேறு பிரிவு. தலைமைப் புரோட்டோகால் அதிகாரியும் அப்படித்தான். அடுத்த பதவி எங்கோ ஒரு நாட்டில் தூதர். பிரிவின் நினைவு தங்குவது கோப்பைக் கையாளும் நடுமட்டத்தில். எந்த நாட்டுத் தலைவருக்குப் பூவின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, சென்ற முறை எந்த மண்டபத்தில் ஒலிபெருக்கி மக்கர் செய்தது என்பதெல்லாம் பிரிவு அலுவலரின் கோப்பிலும் தலையிலும் இருக்கும். அவர் மாற்றலாகிப் போகும்போது ஒப்படைப்புக் குறிப்பு எழுதாமல் போனால், அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். நல்ல அதிகாரியை அவர் விட்டுப்போகும் குறிப்பில் அடையாளம் காணலாம்.

வெளிநாட்டுத் தூதரகங்களில் இந்த வேலை பொதுவாகத் தூதரக நிர்வாகத்தைக் கவனிக்கும் சான்சரி தலைவரின் மேசைக்கு வரும். சிறிய தூதரகம் என்றால் ஒரே ஆள் விமான நிலையத்துக்கும் போவார், விருந்துக்கு இருக்கையும் போடுவார், கட்டடத்தின் குழாய் உடைந்தாலும் ஓடுவார். மாநிலத்தில், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இது தலைமைச் செயலகத்தின் பொதுத்துறை. அங்கே பணியாற்றுபவர்கள் டிஎன்பிஎஸ்சி வழியே செயலகப் பணிக்கு வந்தவர்கள்.

தாள், வரிசை, பெயர்

தூதர் ஒருவர் எப்படி வருகிறார் என்று பார்த்தால் வேலையின் அச்சு தெரியும். முதலில் அனுப்பும் நாடு பெயரையும் வாழ்க்கைக் குறிப்பையும் ரகசியமாகத் தரும். ஏற்கும் நாடு சம்மதம் சொல்லும், அல்லது சொல்லாமல் இருக்கும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை என்று உடன்படிக்கையின் 4ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் சம்மதம் கிடைக்கும்வரை பெயர் வெளியே வரக்கூடாது. முன்பே பத்திரிகையில் கசிந்துவிட்டால், மறுப்பது பகிரங்க அவமானமாகிவிடும்.

தூதர் வந்து இறங்கியதும் நியமனப் பத்திரத்தின் நகலைத் தலைமைப் புரோட்டோகால் அதிகாரியிடம் கொடுப்பார். மூலத்தைக் குடியரசுத் தலைவர் மாளிகையில் குடியரசுத் தலைவரிடம் நேரில் கொடுப்பார், கூடவே முன்னவரைத் திரும்ப அழைக்கும் கடிதமும் இருக்கும். நகலை முன்கூட்டி வாங்குவது வெறும் சம்பிரதாயம் கிடையாது. கடிதம் ஒரு நாட்டுத் தலைவர் இன்னொரு நாட்டுத் தலைவருக்கு எழுதுவது. இருவர் பெயரும் பட்டமும் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருக்க வேண்டும். இடையில் ஒரு நாட்டில் தேர்தல் வந்து தலைவர் மாறிவிட்டால் கடிதத்தின் நிலை என்ன என்று பார்க்க வேண்டும். மண்டபத்தில் கேமரா முன்னால் அதைக் கண்டுபிடித்தால் செய்வதற்கு எதுவும் இல்லை.

தூதரகங்களோடு அன்றாடக் கடிதப் போக்குவரத்து நடப்பது 'நோட் வெர்பால்' என்ற வடிவில். 'நான்', 'நீங்கள்' கிடையாது. அமைச்சகம் தூதரகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவித்துக்கொண்டு என்று படர்க்கையில் தொடங்கி அப்படியே முடியும். முழுக் கையெழுத்து இல்லாமல் சுருக்கொப்பமும் முத்திரையும் மட்டும். எழுதியவர் யார் என்பது முக்கியமில்லை, அரசு பேசுகிறது என்பதுதான் பொருள். அந்த வணக்க வரியை ஒரு குறிப்பில் விட்டுவிட்டால், மறந்துபோனது என்று எதிர்த்தரப்பு நினைக்காது. கோபமாக இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும்.

உள்நாட்டு வரிசைக்கு 1979 ஜூலை 26ஆம் தேதி அறிவிக்கப்பட்ட முன்னுரிமைப் பட்டியல்தான் அடிப்படை. குடியரசுத் தலைவர் 1, துணைத் தலைவர் 2, பிரதமர் 3, தம் மாநிலத்துக்குள் ஆளுநர் 4. தம் மாநிலத்துக்குள் முதல்வர் மத்திய கேபினட் அமைச்சர்களோடு 7ஆம் இடம். மாநிலத்தைத் தாண்டினால் ஆளுநரும் முதல்வரும் வெளிநாட்டுத் தூதர்களோடு 8ஆம் இடத்துக்கு வந்துவிடுவார்கள். சென்னையில் தூதருக்கு முன்னால் நிற்கும் முதல்வர் டெல்லியில் அவரோடு ஒரே வரியில் வருகிறார். பட்டியலின் குறிப்பிலேயே ஒன்று சொல்லியிருக்கிறது: இது அரசு விழாக்களுக்கும் சடங்குகளுக்கும் மட்டும், அன்றாட நிர்வாகத்துக்குப் பொருந்தாது. அலுவலகக் கூட்டத்தில் நாற்காலிக்காக இந்தப் பட்டியலைக் காட்டிச் சண்டை போடுபவர்கள் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை.

பன்னாட்டு மாநாட்டில் ஆங்கில அகரவரிசை கைகொடுக்கும், ஆனால் பெயர் மாறினால் இடமும் மாறும். சுவாசிலாந்து 2018இல் எஸ்வாட்டினி ஆனபோது ஆங்கில 'S' வரிசையிலிருந்து 'E'க்குப் போனது. மாசிடோனியா ஐநாவில் 'முன்னாள் யுகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா' என்ற நீண்ட பெயரால் ('The' என்று தொடங்கும்) 'T' வரிசையில் உட்கார்ந்திருந்தது. 2019இல் வட மாசிடோனியா ஆகி 'N'க்கு வந்தது. போன வருட இருக்கை வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐநா பொதுச்சபையில் எப்போதும் 'ஏ'தான் முதலிடம் என்ற குறையைத் தீர்க்க, ஆண்டுதோறும் சீட்டுக் குலுக்கி முதல் நாட்டைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து அகரவரிசையைத் தொடங்குகிறார்கள்.

ஆட்பெயர் இன்னும் சிக்கல். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும், ஹங்கேரியிலும் அப்படியே. ஸ்பானியப் பெயரில் இரண்டு குடும்பப் பெயர்கள். மியான்மரில் குடும்பப் பெயரே கிடையாது. தமிழர்களுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும். கடவுச்சீட்டில் முதலெழுத்தை விரித்து எழுதியதால், வெளிநாட்டு விருந்தில் தந்தையின் பெயர் அச்சிட்ட அட்டைக்கு முன்னால் எத்தனையோ தமிழ் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாதுகாப்பான வழி ஒன்றுதான்: அட்டையில் எப்படி எழுத வேண்டும், வாயால் எப்படி அழைக்க வேண்டும் என்று இரண்டையும் தனித்தனியாக எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது. அட்டையின் இரு பக்கமும் பெயரை அச்சிடுவது நல்லது. எதிரே உட்கார்ந்தவரும் படிக்க வேண்டும் அல்லவா.

கொடி

அதிகம் தவறு நடப்பதும், நடந்தால் உடனே படம் பிடிக்கப்படுவதும் கொடியில்தான். இந்தியக் கொடி விதிகள் தெளிவாக இருக்கின்றன. பல நாட்டுக் கொடிகள் ஒரே நேர்கோட்டில் நின்றால் நம் கொடி வலக்கோடியில். பிரச்சினையே 'வலது' யாருடையது என்பதுதான். கொடி வரிசையின் நடுவில் பார்வையாளர்களைப் பார்த்து நிற்பவரின் வலது அது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது இடக்கோடி. மேடை அமைப்பவர் எதிரே நின்று பார்த்துத் தன் வலப்பக்கம் நட்டுவிடுவார், மொத்த வரிசையும் தலைகீழாகும். அதனால் அனுபவமுள்ளவர்கள் மேடைக்காரரிடம் 'வலது', 'இடது' என்று சொல்வதே இல்லை. 'ஜன்னல் பக்கம்', 'கதவுப் பக்கம்' என்று சொல்வார்கள், வரைந்த படம் ஒன்றையும் கையில் கொடுப்பார்கள்.

நம் கொடிக்குப் பிறகு மற்றவை ஆங்கில அகரவரிசையில் வரும். இரண்டு கொடிக்கம்பங்களைக் குறுக்காக வைத்தால் நம் கம்பம் முன்னால். அரசு தரும் காரில் வெளிநாட்டு விருந்தினர் போனால் காரின் வலப்பக்கம் நம் கொடி, இடப்பக்கம் அவர்களுடையது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கைகுலுக்கும் படத்திலும் விருந்து மேசையிலும் வலப்பக்க இடத்தை விருந்தாளிக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். கொடி என்று வந்தால் வலப்பக்கம் நம்முடையது. ஆளுக்கான விதியைக் கொடிக்கும், கொடிக்கான விதியை ஆளுக்கும் போட்டுக் குழப்பிக்கொள்வது புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அளவையும் பார்க்க வேண்டும். நம் கொடி 3:2. காருக்கு 225 × 150 மில்லிமீட்டர், மேசைக்கு 150 × 100. ஆனால் சுவிட்சர்லாந்தின் கொடி சதுரம், பிரிட்டனுடையது 2:1, கத்தார் கொடி இன்னும் நீளம், நேபாளத்தினுடையது செவ்வகமே இல்லை. எல்லாக் கொடியும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்பதால், கடையில் கிடைத்ததை வாங்கி நடமுடியாது. இந்தோனேசியாவையும் மொனாக்கோவையும், ருமேனியாவையும் சாடையும் மடித்த நிலையில் பார்த்தால் வேறுபாடு தெரியாது. பிலிப்பைன்ஸ் கொடியைத் தலைகீழாக ஏற்றினால் சிவப்பு மேலே வந்து, போர்க்காலம் என்று பொருள்படும். 2010இல் நியூயார்க்கில் ஆசியான் தலைவர்கள் சந்திப்பில் அப்படித்தான் ஆனது, அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வட கொரியப் பெண்கள் கால்பந்து அணியின் அறிமுகத்தில் தென் கொரியக் கொடி திரையில் வந்தது. அணி மைதானத்தைவிட்டு வெளியேறி, ஆட்டம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. கொடியைச் சம்பந்தப்பட்ட தூதரகத்திடமிருந்தே வாங்குவதும், ஏற்றிய பிறகு படமெடுத்து அவர்களுக்கே அனுப்பிச் சரியென்று எழுத்தில் பெறுவதும் ஐந்து நிமிட வேலை.

மாமல்லபுரமும் அங்காராவும்

வருகைகள் எல்லாவற்றையும் நம் பத்திரிகைகள் 'அரசுமுறைப் பயணம்' என்றே எழுதுகின்றன. உண்மையில் அரசுமுறை, அதிகாரபூர்வம், பணிநிமித்தம், தனிப்பட்டது என்று தரம் உண்டு, தரம் குறையக் குறையச் சடங்கும் குறையும். முழு அரசுமுறை வருகை என்றால் குடியரசுத் தலைவர் மாளிகை முன்முற்றத்தில் முப்படை அணிவகுப்பு மரியாதை, நாட்டின் தலைவருக்கு 21 குண்டுகள், அரசின் தலைவருக்கு 19. பிறகு ராஜ்காட்டில் மலர்வளையம், ஹைதராபாத் மாளிகையில் பேச்சு, இரவு விருந்து.

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தது இந்த அச்சில் அடங்காது. அது 'முறைசாரா' சந்திப்பு. நிகழ்ச்சி நிரல் இல்லை, கூட்டறிக்கை இல்லை. சென்னை விமான நிலையத்தில் வரவேற்றவர்கள் ஆளுநரும் முதல்வரும். பிரதமர் வேட்டி சட்டையில் மாமல்லபுரத்தில் காத்திருந்தார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று நடந்தார்கள், இளநீர் குடித்தார்கள். மறுநாள் கோவளத்தில் கடலோர ஹோட்டலில் பேசினார்கள்.

முறைசாராதது என்றால் புரோட்டோகால் வேலை குறையும் என்று நினைப்பது தவறு. மேடையும் கம்பளமும் இருந்தால் அவையே ஆளை நிறுத்தும் இடத்தில் நிறுத்திவிடும். பாறையும் மணலுமான இடத்தில் இரண்டு தலைவர்கள் இயல்பாக நடப்பதுபோலத் தெரிய வேண்டுமென்றால், எங்கே நின்று பார்ப்பது, படி எங்கே வழுக்கும், வெயில் எந்தப் பக்கம் விழும், மொழிபெயர்ப்பாளர்கள் படத்தில் விழாமலும் காதுக்கெட்டும் தூரத்திலும் எப்படி நகர்வது என்று ஒவ்வொரு அடியையும் நடந்து பார்க்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் தொடங்கிக் கடற்கரைக் கோயிலில் இருட்டும் நேரம் வரை கணக்கிட வேண்டும். தந்த பரிசுகளும் யோசித்துத் தேர்ந்தவை: நாச்சியார்கோயில் அன்ன விளக்கு, தஞ்சாவூர் ஓவியம், சிறுமுகையில் அதிபரின் உருவத்தை நெய்த பட்டுச் சால்வை. இப்படிப்பட்ட கனமான பொருளைக் கேமரா முன் காட்டிவிட்டு, தகுந்த பெட்டியில் அடைத்து விருந்தினரின் விமானத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பரிசில் தவறினால் என்னாகும் என்பதற்கு 2015இல் தைவானின் தைபே மேயருக்கு பிரிட்டிஷ் அமைச்சர் ஒரு சட்டைப்பைக் கடிகாரம் கொடுத்தது சாட்சி. சீன மொழியில் 'கடிகாரம் கொடுப்பது' என்பது ஒலியில் 'இறுதிச் சடங்குக்குப் போவது' போலிருக்கும்.

இடத்தை முன்கூட்டி நடந்து பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2021 ஏப்ரல் 6 அன்று அங்காராவில் உலகமே பார்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இரண்டு தலைவர்கள் போயிருந்தார்கள்: கவுன்சில் தலைவர் சார்ல் மிஷேல், ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லயன். துருக்கி அதிபர் எர்டோகன் அருகே இருந்தது ஒரே நாற்காலி. மிஷேல் உட்கார்ந்துவிட்டார். மற்றவர் ஒரு கணம் நின்று, ஒரு சத்தம் எழுப்பி, தள்ளியிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தார். ஒன்றியத்தின் கேட்புப்படிதான் இருக்கை போட்டோம் என்றது துருக்கி. அந்த அறையை முன்கூட்டிப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை என்றது கவுன்சிலின் புரோட்டோகால் பிரிவு. கொரோனா காலம் என்பதால் ஆணையத்திலிருந்து முன்னோடிக் குழுவும் போகவில்லை. அன்று பேசியது என்ன என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. நாற்காலி மட்டும் நினைவிருக்கிறது. அறையைப் பார்க்க விடவில்லை என்றால், நாற்காலிகளின் எண்ணிக்கையோடு வரைபடத்தை எழுத்தில் கேட்க வேண்டும். அதுவும் கிடைக்காவிட்டால் தன் தலைவரிடம் அதைக் கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும். மேலதிகாரிக்குப் பிடிக்காததைச் சொல்லும் துணிவு இந்த வேலையில் கட்டாயம் வேண்டும்.

யாரும் படமெடுக்காத பாதி

விழா வேலை பாதிதான். மற்றப் பாதி சலுகைகளும் விலக்குரிமைகளும். அடையாள அட்டை, வாகனப் பதிவு, சுங்க விலக்கு, ஜிஎஸ்டி திரும்பப் பெறத் தூதரகங்களுக்கு வழங்கும் தனி அடையாள எண், வீட்டு வாடகைத் தகராறு, போக்குவரத்து அபராதம். எல்லாவற்றுக்கும் அளவுகோல் பரஸ்பரம். அவர்கள் நாட்டில் நம் அதிகாரிக்குக் கிடைப்பதே இங்கே அவர்களுக்கும்.

சென்னைவாசிகள் நீல நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து பார்த்திருப்பார்கள். டெல்லியில் 'சிடி' அதிகம், சென்னையில் 'சிசி' அதிகம். இந்த ஓர் எழுத்து வித்தியாசம் சட்டத்தில் பெரியது. 'சிடி' தூதரக அதிகாரிகளுக்கானது. 1961 உடன்படிக்கையின் 29ஆம் பிரிவுப்படி அவர்களைக் கைது செய்யவே முடியாது. 'சிசி' துணைத் தூதரகங்களுக்கானது. துணைத் தூதரக உறவுகளுக்கான 1963 வியன்னா உடன்படிக்கையில் அவர்களுக்கு அலுவல் சார்ந்த செயல்களுக்கு மட்டுமே விலக்கு. கடுமையான குற்றமென்றால் நீதிமன்ற ஆணையோடு கைது செய்யலாம். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் ஒருவர் கைதானபோது மொத்த வழக்கும் இந்தக் கோட்டில்தான் நின்றது. அவரை ஐநாவுக்கான நிரந்தரத் தூதுக்குழுவுக்கு மாற்றி முழு விலக்கு கிடைக்கச் செய்தது இந்தியா. இங்கே அமெரிக்கத் துணைத் தூதரக ஊழியர்களின் அடையாள அட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. அதெல்லாம் புரோட்டோகால் பிரிவின் கோப்புகளில் நடந்த போர்.

விலக்கு மனதுக்கு ஒப்பாத இடத்திலும் காக்கப்பட வேண்டியிருக்கிறது. 2015இல் குர்கானில் நேபாளப் பெண்கள் கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரில் சிக்கிய சவுதி தூதரக அதிகாரி, விலக்குரிமையோடு நாட்டைவிட்டுப் போனார். விலக்கை நீக்கும் உரிமை அனுப்பிய நாட்டுக்கு மட்டுமே உண்டு. ஏற்ற நாடு செய்யக்கூடியது, நீக்கக் கேட்பதும் வெளியேறச் சொல்வதும்தான். இதைப் பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்கு விளக்கும் நிலையில் இருக்கும் அதிகாரியின் பாடு கொடியது. அந்தப் பெண்களுக்கு நீதி கிடைக்கவில்லை என்பதை எந்த உடன்படிக்கைப் பிரிவும் மறைத்துவிடாது.

விலக்குக்குத் தாள் சரியாக இருக்க வேண்டும் என்பதும் இதே பாதியைச் சேர்ந்தது. 1984 ஜூலையில் லண்டன் அருகே ஸ்டான்ஸ்டட் விமான நிலையத்தில் நைஜீரியாவுக்குப் போகவிருந்த பெட்டிகளில், தூதரகப் பொதி என்று காட்டும் முறையான குறிகள் இல்லை. அதனால் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நிலையில் நைஜீரிய முன்னாள் அமைச்சர் உமாரு டிக்கோ. குறிகள் இருந்திருந்தால், தூதரகப் பொதியைத் திறக்கக்கூடாது என்னும் 1961 உடன்படிக்கையின் 27ஆம் பிரிவு பெட்டியைத் திறக்க விட்டிருக்குமா என்ற கேள்வியோடு இன்றும் இது பாடமாக நடத்தப்படுகிறது.

மாவட்டத்திலோ சட்ட நுணுக்கத்தைவிட ஆள்பட்டியல்தான் தலைவலி. பெரிய தலைவர் வருகிறார் என்றால் விமான நிலையத்தில் வரவேற்போர் பட்டியல் முன்கூட்டிப் போய், ஒவ்வொரு பெயரும் போலீஸ் சரிபார்த்த பிறகே அனுமதிச் சீட்டு வரும். கடைசி நேரத்தில் கட்சிப் பிரமுகர் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்வார். தாசில்தார் மறுத்தால் பகை, ஒப்புக்கொண்டால் பாதுகாப்புக் குழுவிடம் திட்டு. பட்டியல் மூடும் நேரத்தை முன்பே எழுத்தில் எல்லாருக்கும் அனுப்பிவிட்ட ஊர்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மாநில விழா என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி, தேசிய கீதம் சுமார் 52 விநாடி என்பதை மினிட் டு மினிட்டில் சேர்க்க வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பதை வெளிநாட்டு விருந்தினரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

விருந்தினரை ஏற்றிய விமானம் ஓடுபாதையைவிட்டு எழுந்ததும் வேலை முடிந்ததாக யாரும் கலைவதில்லை. கான்வாய் அங்கேயே நிற்கும், ஹோட்டல் அறைகள் காலி செய்யப்படாமல் இருக்கும், அரை மணி நேரமாவது. விமானம் திரும்பி வரலாம், கிளம்பாமலும் போகலாம். 2023 செப்டம்பரில் ஜி20 முடிந்து எல்லாரும் போன பிறகு, கனடா பிரதமர் ட்ரூடோவின் விமானம் பழுதாகி அவர் ஏறக்குறைய இரண்டு நாள் டெல்லியிலேயே தங்க நேர்ந்தது. நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த நாட்களுக்கும் காவல், கார், சாப்பாடு, தொடர்பு அதிகாரி எல்லாம் வேண்டும். அதன் பிறகே கொடிகளை எண்ணி மடித்து, பெயர் ஒட்டிய உறையில் போட்டுப் பீரோவில் வைப்பார்கள். வந்த பரிசுகள் 30 நாளுக்குள் வெளியுறவு அமைச்சகத்தின் பரிசுக் களஞ்சியமான தோஷாகானாவுக்குப் போய் மதிப்பிடப்படும், 5,000 ரூபாய்க்குள் இருந்தால் பெற்றவரே வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பதிப்பு மினிட் டு மினிட்டின் ஓரத்தில், நிஜமாக நடந்த நேரத்தைப் பேனாவால் குறித்துக் கோப்பில் சேர்ப்பார்கள்.